நான் காலி செய்த சட்டி

சாப்பாட்டு ராமனான நான், குழந்தைகளுக்குச் சத்தான உணவு ஊட்டச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்ததே முட்டாள்தனம்.

பிரெஞ்சுக்காரர்கள் போன புதிது. புதுச்சேரி மீனவக் குப்பத்துத் தாய்மார்கள் முன்னால், முருங்கைக்கீரையும் பருப்பும் போட்டுச் சோற்றைக் குழைத்தேன். மீன் விற்கும் அஞ்சலையின் மடியில், கஞ்சித்தண்ணீரிலேயே வளர்ந்து நோஞ்சானாகிப்போன அவள் மகள்.

"கீர குடுத்தா கொழந்தைக்கு மாந்தம் வந்துடும்யா," என்றாள் அஞ்சலை.

"வராதும்மா. இதோ, நானே தின்னு காட்டுறேன்!"

ஒரு வாய் தின்றேன். அடடா, என்ன ருசி! பேசிக்கொண்டே சட்டியையே காலி செய்துவிட்டேன்.

குழந்தை வீறிட்டது. எதை ஊட்டினாலும் துப்புகிற அந்தக் குழந்தை, தவழ்ந்து வந்து என் சட்டியைப் பிடுங்கி, ஒட்டியிருந்ததை வழித்து நக்கியது! பெண்கள் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியாம்மா! நாளைக்கும் வந்து ஆக்கிக் காட்டட்டுமா?"

அஞ்சலை காலிச் சட்டியைப் பார்த்தாள்.

"சாப்டுட்டு வாங்க."