ஒரு நிமிட வீடியோ

அம்மாவின் கைக்கடிகாரத்தை யாரும் கழற்றவில்லை. கிராம சுகாதார செவிலியராக வத்தல்மலை ஊர்களுக்கு வருடக்கணக்கில் நடந்து போய்வந்தவர் அவர். கடைசியாகக் குளிப்பாட்டும்போது வளையல்களை எடுத்த சித்தி, கடிகாரத்தில் கை வைத்ததும் நிறுத்திக்கொண்டார். "இது இல்லாம அக்கா எங்க போயிருக்குது? கெடக்கட்டும் வுடு," என்றார்.

எங்கள் நிலத்திலேயே அடக்கம் செய்தோம். சாவி கொடுத்தால் ஓடும் கடிகாரம் அது. இறந்த அன்று காலையும் அம்மா சாவி கொடுத்திருந்தார். மறுநாள் விடியும்வரையாவது உள்ளே ஓடியிருக்கும் என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் உறைத்தது.

இப்போது கல்யாணமாகிக் கடத்தூரில் இருக்கிறேன். மகளுக்குப் பத்து மாதம். சளி பிடித்தால் அவள் மூச்சை எண்ணுவேன். அம்மா அப்படித்தான் செய்வார். குழந்தையின் சட்டையை ஏற்றிவிட்டு, மணிக்கட்டின் உள்பக்கம் கட்டிய கடிகாரத்தை வயிற்றருகே பிடித்து ஒரு நிமிடம் எண்ணுவார். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். ஐம்பதைத் தொட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். எனக்குப் போனில் எண்ண வரவில்லை. ஓடும் எண்களைப் பார்த்தால் வயிற்றைத் தவறவிடுகிறேன். கடிகார முள்ளென்றால் ஓரக்கண்ணால் பார்த்தாலே போதும்.

அம்மாவுடையது போன்ற கடிகாரத்தை இணையத்தில் தேட ஆரம்பித்தேன். அந்த மாடல் இப்போது வருவதில்லை, பழையதுதான் கிடைக்கும். முதலில் பளபளப்பானவற்றைத்தான் குறித்துவைத்தேன். அத்தனை வருடப் பழசு அப்படியா இருக்கும்? உற்றுப் பார்த்தால் எழுத்துகள் தடித்திருந்தன. டயலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஒரு வியாபாரி போட்டிருந்த படமே வேறு இரண்டு பேரிடமும் இருந்தது. அதன்பிறகு எல்லோரிடமும் ஒன்றே ஒன்று கேட்டேன்: விநாடி முள் முழுதாக ஒரு சுற்று வரும் வீடியோ. ஒருவர் பத்து விநாடிக்கு அனுப்பினார். முழுதாக வேண்டும் என்றதும் என்னை பிளாக் செய்துவிட்டார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப என்னைய இவ்ளோ விசாரிக்கலியே நீ," என்றார் கணவர்.

"உங்க போட்டோவுல பெயின்ட் அடிச்ச மாதிரி தெரியலீங்க."

"நல்லா பாரு. மண்டைக்கு அடிச்சிருந்தேன்."

மதுரைப் பக்கத்து வியாபாரி ஒருவர் முழு நிமிடமும் அனுப்பினார். கீழே எழுதியிருந்தார்: "ஏழுகிட்ட முள்ளு லேசா தயங்கும் மேடம். ஆயில் காஞ்சிருக்கு, சர்வீஸ் பண்ணணும். டயல்ல இருக்குறது பழைய கறை, நான் கை வைக்கல." போன் நேரத்தோடு ஒத்துப்பார்த்தேன். தயங்கினாலும் நிமிடம் சரியாகவே முடிந்தது. ஆனால், குறையைத் தானே சொல்கிறவரை நம்பலாமா, நம்பவைக்கத்தான் சொல்கிறாரா? பணத்தை முன்னாலேயே அனுப்ப வேண்டும், திருப்பி எடுக்க மாட்டார். இரண்டு நாள் பதில் போடாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம், சளியோடு தூங்கிக்கொண்டிருந்த மகளுக்கு மூச்சு வேகமாக இருப்பதுபோல் தெரிந்தது. அந்த வீடியோவை ஓடவிட்டுப் போனை அவள் வயிற்றருகே பிடித்தேன். ஏழை நெருங்கியதும் முள் தயங்கியது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் வயிறு மட்டும் ஏறி இறங்கியது. முப்பத்தெட்டு. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி ஓடவிட்டேன். முப்பத்தொன்பது. பயமில்லை என்று தெரிந்தும் மூன்றாவது முறை போட்டேன். அப்போதுதான் கவனித்தேன், என் உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது.

பணத்தை அனுப்பிவிட்டு வியாபாரிக்கு எழுதினேன்: "பேக் பண்றப்ப சாவி கொடுத்து அனுப்புங்க."

"வந்து சேர நாலு நாள் ஆகும் மேடம். பாதி வழியிலயே நின்னுடும்."

"தெரியும்ங்க," என்று பதில் போட்டேன். "பரவால்ல, முழுசா கொடுங்க."