பன்னிரண்டாவது கேசட்

சூசைமேரி கல்நெஞ்சுக்காரி என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. எண்பத்தேழாம் வருஷம் தம்பி இருதயசாமியை வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்ஸியில் கூட்டிவந்து படுக்கவைத்த அன்று மத்தியானமே, உட்கார்ந்து அட்டை கோர்க்க ஆரம்பித்துவிட்டாள் என்பதுதான் அவள்மேல் குற்றம். தெரு பொய் சொல்லவில்லை, கோர்த்தாள்தான். கையைச் சும்மா வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. இது தெருவுக்கு எப்படித் தெரியும்? தெருவுக்கு அழுதால்தான் அழுகை.

ஆரணியில் பட்டுச்சேலை நெய்கிறவர்களை எல்லோருக்கும் தெரியும், அட்டை கோர்க்கிறவளை யாருக்கும் தெரியாது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. அதில் ஓட்டை போட்ட அட்டைகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தால்தான் பார்டரில் மயிலோ மாங்காயோ வரும். நானூறு, ஐந்நூறு அட்டைகளை நம்பர் பிசகாமல் கயிற்றில் கோர்த்து, கடைசி அட்டையை முதல் அட்டையோடு சேர்த்துக் கட்டிக் கொடுப்பது சூசைமேரியின் வேலை. ஓர் அட்டை இடம் மாறினால் சேலை முழுக்க மயிலுக்குக் கழுத்து ஒடிந்திருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கையால் ஒரு மயிலுக்கும் கழுத்து ஒடிந்ததில்லை. ஒருமுறை நம்பர் போடாத கட்டு ஒன்று மழைத்தண்ணீரில் விழுந்து கலைந்துபோனபோது, அடுத்தடுத்த அட்டைகளில் ஒன்றிரண்டு ஓட்டைதான் மாறும் என்கிற கணக்கை வைத்தே முழுக்க வரிசைப்படுத்திக் கொடுத்தாள். அதற்கு முதலாளி ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். பெரிய மனசு.

வேலூரில் டாக்டர் அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கல்லீரலில் கட்டி, முற்றிவிட்டது, மிஞ்சிப்போனால் இரண்டு மாசம். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. கேட்டதைக் குடுங்க" என்றார். தம்பியிடம் வந்து, "காமாலைதான்டா. பத்தியமா இருந்தா சரியாப் பூடும்" என்று சொன்னாள். அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் நம் கன்னத்தை நாமே கிள்ளிப் பார்ப்போமே, அப்படித்தான் இருந்தது. சாப்பிட்டாள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள், அட்டை கோர்த்தாள்.

கேட்டதைக் கொடுக்கச் சொன்னாரே டாக்டர், இருதயசாமி என்ன கேட்டான் தெரியுமா? நாக்குக்கு ருசியாக ஒன்றும் கேட்கவில்லை, வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போ என்றும் கேட்கவில்லை. முப்பத்தைந்து வயசு ஆம்பிளை, மஸ்கட்டில் ஆறு வருஷம் வெல்டிங் வேலை பார்த்தவன், பொம்மைப்படம் பார்க்க வேண்டும் என்றான்.

மஸ்கட்டிலிருந்து அவன் கொண்டுவந்த சொத்து ஒரு கலர் டி.வி., கேசட் போட்டுப் படம் பார்க்கிற ஒரு டெக், பன்னிரண்டு கேசட். கேசட் அத்தனையிலும் ஒரே ஒரு விண்வெளிக் கப்பலின் கதை. முதலில் அது நிஜ ஆட்கள் நடித்த சினிமாவாக வந்து ஓடியதாம். அது நன்றாக ஓடவே, அதே கப்பலையும் கேப்டனையும் வைத்து மூன்று பொம்மைப்பட சீரியல் எடுத்தார்களாம். நடுவயசுக் கேப்டனின் கதை முதலில் வந்தது. அடுத்து வயசான கேப்டன். ஜனங்களுக்கு ஆசை விடவில்லை, கடைசியாக இளவயசுக் கேப்டன் என்று ஒன்று எடுத்தார்கள். இருதயசாமி தங்கியிருந்த கேம்ப்பில் சாப்பாட்டு மெஸ்ஸில் ஒரு டி.வி. இருந்தது. ஷிப்டு மாறி மாறி வந்ததால் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சமாகத்தான் பார்த்திருக்கிறான். கிளம்பும் சமயம் கூட வேலை செய்த ஒருவன் எல்லாவற்றையும் பதிவு செய்து கொடுத்தான். நம்பர் போட மட்டும் மறந்துவிட்டான்.

"எல்லாம் மொத்தமா ஒருவாட்டி பாத்துடணும்க்கா, முடிவு வரைக்கும்" என்றான். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் அவனால் கண்ணைத் திறந்துகொண்டு இருக்க முடியவில்லை. எதை முதலில் போடுவது என்பது அதனால் சாதாரண விஷயமாக இல்லை. வரிசை தப்பினால் திருப்பிப் பார்க்க நாள் கிடையாது. இது சூசைமேரிக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

டெக்கைச் சரிபார்த்துக் கொடுக்க பஸ் ஸ்டாண்டு பக்கம் வீடியோ கடை வைத்திருந்த ஜெகநாதன் வந்தான். யாரும் கேட்காமலே யோசனை சொல்கிற ஆள்.

"எது மொதல்ல வந்துதோ அத மொதல்ல பாக்கணும், சாமி. எடுத்தவன் ஒரு கணக்கு வெச்சித்தான் எடுத்திருப்பான்" என்றான்.

"அதெல்லாம் வேலைக்காவாது. சின்ன வயசுலேருந்து பாத்துகினு வந்தாத்தான் ஆளு புரியும். நடுவுல ஆரம்பிச்சா பேஜாராயிடும்" என்றான் இருதயசாமி.

"ருசி பூடும்னு சொல்றேன்."

"உன் ருசிய உன் கடையில வெச்சுக்க. அக்கா, நீ சொல்லு."

"கேசட்டப் பாத்துட்டு சொல்றன்" என்றாள் சூசைமேரி.

தம்பி காலையில் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கும் நேரத்தில், சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஒவ்வொரு கேசட்டின் தொடக்கத்தையும் முடிவையும் போட்டுப் பார்த்தாள். இங்கிலீஷ் அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அட்டை என்ன பேசவா செய்கிறது? கப்பலின் முன்கண்ணாடியில் ஒரு கீறல் விழுகிறது, அடுத்த கேசட்டில் அது நீளுகிறது, அதற்கடுத்ததில் பட்டை ஒட்டியிருக்கிறார்கள். கேப்டனின் கோட்டில் மேல் பொத்தான் இருக்கிறது, பிறகு காணோம். காதோரம் இரண்டு நரை, பிறகு பாதித் தலை. மூன்று நாளில் பன்னிரண்டையும் வரிசையாக அடுக்கிவிட்டாள். பெருமைப்பட வேண்டிய காரியம்தான். அவளுக்குப் பெருமையும் உறைக்கவில்லை.

பன்னிரண்டாவது கேசட்டின் கடைசியைப் போட்டபோது கேப்டன் கட்டிலில் கிடந்தார். தாடி முழுக்க வெள்ளை, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆட்கள் சுற்றி நின்றார்கள். சூசைமேரி டக்கென்று டெக்கை நிறுத்தினாள்.

பிறகு சாக்பீஸை எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக, தெரிந்தே தப்பு நம்பர் போட்டாள். நடுவயசுக் கதையும் முதுமைக் கதையும் ஒன்றிலிருந்து ஏழு. இளவயசுக் கதை எட்டிலிருந்து பதினொன்று. கடைசி அட்டையை முதல் அட்டையோடுதானே கட்டுகிறோம், இதில் என்ன தப்பு என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மிச்சமிருந்த ஒன்றை அரிசி டிரம்முக்குப் பின்னால் பழைய அட்டைக் கட்டுகளுக்கு நடுவில் செருகினாள்.

தம்பி எழுந்ததும், "ஜெகநாதன் சொன்னதுதான்டா சரி. வந்த வரிசையிலயே பாக்கலாம்" என்றாள். "ஒண்ணுல பூசணம் புடிச்சிருக்குது. கழுவித் தரச் சொல்லி அவன்கிட்ட குடுத்திருக்கன்."

இருதயசாமி அவளை ஒரு பார்வை பார்த்தான். "சரிக்கா" என்றான். அவன் இவ்வளவு சுளுவாக எதற்கும் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. அவள் அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

இப்படியாக தினம் மதியம் கரண்டு இருந்தால் ஒரு மணி நேரம் ஓடியது. அவன் தலையணையில் சாய்ந்துகொண்டு பார்ப்பான், அவள் கீழே உட்கார்ந்து அட்டை கோர்த்துக்கொண்டே பார்ப்பாள். அரைகுறை இங்கிலீஷில் புரிந்ததை அவன் அவளுக்குச் சொல்வான். "இவங்க தண்ணி தேடிகினு போறாங்கக்கா." "இவன் கூடவே இருந்துகினு காட்டிக் குடுக்கறான் பாரு." அவள் உம் கொட்டுவாள். சனிக்கிழமைகளில் தெருப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தன. நாள் ஆக ஆக அவன் கண்ணில் மஞ்சள் கூடியது, வயிறு உப்பியது, சொல்கிற வார்த்தை குறைந்தது. ஏழாவது கேசட் முடிந்து, எட்டாவதில் கேப்டன் மீசைகூட முளைக்காமல் கப்பல் தரையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றபோது அவன் சிரித்தான். வெகுநாள் கழித்து வந்த சிரிப்பு. அவளும் சிரித்தாள், மரியாதைக்கு.

பத்தாவது கேசட் ஓடிக்கொண்டிருந்த ஒரு மதியம் ஜெகநாதன் விசாரிக்க வந்தான். கையில் நாலு சாத்துக்குடி. இருதயசாமி படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"ஏம்பா, பூசணம் போச்சா?"

"எந்தப் பூசணம்?"

"கேசட்டுல."

"எந்தக் கேசட்டு?" என்ற ஜெகநாதன் சூசைமேரியைப் பார்த்தான். அவள் அட்டையைப் பார்த்தாள். இதற்குமேல் இங்கே நிற்கக்கூடாது என்று புரிகிற அளவுக்கு அவனுக்கு புத்தி இருந்தது. கடையில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு, சாத்துக்குடியை வைத்துவிட்டுப் போனான்.

இருதயசாமி கோபப்படவில்லை. "டி.விய நிறுத்துக்கா" என்றான். நிறுத்தினாள்.

"அதுல கேப்டன் செத்துடறாரு. அதான?"

அவள் கீழே உட்கார்ந்து அடுத்த அட்டையை எடுத்துக் கயிற்றில் கோர்த்தாள்.

"மெஸ்ஸுல எல்லாருக்கும் தெரியும். நான் போனப்பவே வந்து முடிஞ்ச கதை அது. டாக்டர் உன்ன தனியா கூட்டிகினு போய் இன்னா சொன்னாருன்னும் தெரியும். மறுநா நர்சம்மாகிட்ட கேட்டேன்."

"தெரிஞ்சா ஏன்டா சொல்லல?"

"நீதான் காமாலைன்னு சொல்லிகினு இருந்தியே. உன்ன ஏன் பொய்யாக்கணும்?"

அட்டைக்கயிறு அவள் விரலில் சுற்றியபடியே இருந்தது. முப்பத்தாறு நாள் இந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு கஞ்சி குடித்திருக்கிறார்கள். அதை நினைத்தால் கோபம் வர வேண்டும், துக்கம் வர வேண்டும். அவளுக்கு இரண்டும் வரவில்லை.

"கதை எனக்குத் தெரியும்க்கா" என்றான் அவன். மூச்சு வாங்கியது. "எப்பிடிப் போறாருன்னுதான் தெரியாது. நான் பாத்ததே இல்ல. நம்ம அம்மா போனப்பகூட நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன். அதனாலதான் கேட்டேன். பயந்துகினு போறாரா, சும்மா போறாரான்னு பாக்கணும்."

அவள் எழுந்து போய் அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டு அந்தக் கேசட்டை எடுத்துவந்தாள். புடவை முந்தானையால் தூசியைத் துடைத்தாள். இளவயசுக் கேப்டனை வெளியே எடுத்து வைத்துவிட்டு இதைப் போட்டாள்.

முதல் அரை மணி நேரம் அவன் பார்த்தான். அப்புறம் கண் சொருகியது. "வெளிச்சம் குத்துதுக்கா. நான் கண்ண மூடிக்கறேன், நீ சொல்லு" என்றான்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதேடா."

"பாக்கறத சொல்லு, போதும்."

அவள் கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னாள். கப்பல் ஒரு சிவப்பு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் போகிறது என்றாள். கேப்டன் நடக்கிறபோது சுவரைப் பிடித்துக்கொள்கிறார் என்றாள். இப்போது படுத்துவிட்டார், தாடியை யாரோ சீவிவிட்டிருக்கிறார்கள், ஒவ்வொருத்தராக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்றாள். பிறகு யாரும் பேசவில்லை, பாட்டுகூட இல்லை. கேப்டனின் முகம் மட்டும் திரை முழுக்க நின்றது.

"இன்னா ஆச்சு?" என்றான் இருதயசாமி.

"மூஞ்சியக் காட்றாங்க."

"பயப்படறாரா?"

அது பேனாவால் போட்ட முகம். நாலு கோடு, இரண்டு புள்ளி. இல்லடா, ஒன்றும் பயமில்லை, சிரித்துக்கொண்டு போகிறார் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்தக் கண் புள்ளிகள் இரண்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் யாரையோ தேடுவதை அவள் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக ஓர் ஓட்டை வித்தியாசத்தைக்கூடத் தப்பவிடாத கண் அது, பார்த்ததைப் பார்க்கவில்லை என்று அதனால் சொல்ல முடியவில்லை.

"பயப்படறாருடா" என்றாள். "கொஞ்சம் பயந்தாப்லதான் இருக்குது."

போர்வைமேல் கிடந்த கை லேசாக மூடித் திறந்தது.

"ஆனா பக்கத்துல ஆளு இருக்குது" என்றாள் அவள். "யாரோ ஒரு பொம்பள. கையப் புடிச்சுகினு உக்காந்திருக்கா. போவவே இல்ல அவ. கடைசி வரைக்கும் அங்கயேதான் இருக்கா."

"அப்ப சரி" என்றான் இருதயசாமி.

திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. சூசைமேரி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, வேலூரிலிருந்து வந்த பிறகு முதல்முறையாக அழுதாள், தெருவுக்கே கேட்கும்படி.