மிக்கேலம்மாள் சொன்ன பெயர்கள்

சிலுவையைத் தொட்டுச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். இது நடந்தது. போன நவம்பரில், இண்டூருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில், எனக்கே நடந்தது. தருமபுரியில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறவள் நான். தூக்கம் கெட்டால் காதில் என்னென்னவோ கேட்கும் என்று பல பேர் சொல்லிவிட்டார்கள். நீங்களும் சொல்ல வேண்டாம்.

என் மாமியார் மிக்கேலம்மாள் தொண்ணூற்று மூன்று வயது வரை வாழ்ந்தார். ஏழு பிள்ளைகள் பெற்று, நாலு பேரை மண்ணுக்குக் கொடுத்தவர். மாமனார் போன பிறகு கடலைக்காடு, மாடுகள், பேரப்பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அவர் கையில்தான் ஓடின. என்னை ஒருநாளும் புகழ்ந்ததில்லை. ஆனால் பிரசவத்தில் எனக்கு ஜன்னி கண்டபோது, கண் மூடாமல் என் பக்கத்திலேயே கிடந்தார். பெற்ற தாய்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

அவருக்கு ஒரு வழக்கம். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபமாலை. அது முடிந்ததும், எங்கள் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களைச் சொல்வார். இறந்த வரிசையிலேயே சொல்வார். ஒவ்வொரு பெயருக்கும் நாங்கள் "இளைப்பாற்றி கொடும் ஆண்டவரே" என்று பதில் சொல்ல வேண்டும். யாராவது தூங்கி வழிந்தால், அதே பெயரைத் திரும்பச் சொல்வார். பதில் வரும்வரை அடுத்த பெயருக்குப் போக மாட்டார். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் வரிசை ஒருநாளும் தப்பியதில்லை.

அவரை அடக்கம் செய்த மூன்றாம் நாள். மாலைப் பூசைக்கு எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். செத்த வீட்டைப் பூட்டக் கூடாது என்று என்னை மட்டும் விட்டுப் போனார்கள். என் மகன் அமலன் அடக்கம் முடிந்து ஓசூருக்கு டியூட்டிக்குப் போனவன், அன்றைக்குத்தான் பைக்கில் திரும்பி வந்துகொண்டிருந்தான்.

ஆறு ஐம்பதுக்குக் கரண்ட் போனது. மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஏழு மணி ஆனதும் மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷம் நிற்காத ஜெபமாலை, அவர் போனதும் நின்றுவிடக் கூடாதே. திருஇருதயப் படத்துக்கு முன்னால் தனியாக மண்டியிட்டேன்.

ஜெபமாலை முடிந்தது. பெயர்களை ஆரம்பித்தேன். இன்னாசி... அந்தோணி... ஆரோக்கியம்...

அதற்கு மேல் வரவில்லை. இருபத்தாறு வருஷமாகப் பதில் மட்டும்தானே சொல்லியிருக்கிறேன். எவ்வளவு யோசித்தும் அடுத்த பெயர் நினைவுக்கு வரவில்லை.

"லூர்து."

பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் வந்துவிட்டார் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது. "இளைப்பாற்றி கொடும் ஆண்டவரே" என்றேன்.

அடுத்த பெயர் வந்தது. பதில் சொன்னேன். அடுத்தது. பதில். பத்துப் பெயர்கள் போயிருக்கும். அப்புறம்தான் உறைத்தது... தங்கம்மாளுக்கு எங்கள் வீட்டுப் பெயர்கள் எப்படித் தெரியும்?

ஒவ்வொரு பெயருக்கும் நடுவே ஜெபமாலையின் மரமணி நகரும் சத்தம் கேட்டது. டக்... டக்...

அந்த மரமணி ஜெபமாலையை என் மாமியாரின் விரல்களில் சுற்றிவிட்டதே நான்தான். அதோடுதான் பெட்டியை மூடினோம்.

கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வாய் மட்டும் பழக்கத்தில் பதில் சொல்லிக்கொண்டே போனது.

"மிக்கேலம்மாள்."

தன் பெயரைத் தானே சொன்னார். சொன்னேன்... பதில் சொன்னேன்.

வரிசை முடிந்தது. இனி யாரும் இல்லை.

டக்...

"கோகிலவாணி."

யார் அது? யோசிப்பதற்குள் வாய் பதில் சொல்லிவிட்டது.

டக்...

"அமலன்."

பல்லைக் கடித்தேன். நாக்கு கடிபட்டு ரத்தம் உப்புக் கரித்தது.

"அமலன்."

வாய் திறக்கவில்லை.

"அமலன்."

இன்னும் பக்கத்தில். காதுக்குப் பின்னால்.

வாசலில் பைக் சத்தம். கரண்ட் வந்தது. மணி ஏழு நாற்பது. பின்னால் யாருமே இல்லை.

உள்ளே வந்தவன் அமலன். "ஏம்மா, வாயெல்லாம் ரத்தம்?" என்றான். அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். போய்ச் சேர்ந்த ஆயாவை நினைத்து அழுகிறேன் என்று எண்ணிக்கொண்டான்.

கோகிலவாணி என்று நம் சொந்தத்தில் யாராவது உண்டா என்று என் கணவர் சவரியிடம் கேட்டேன். அப்படி ஒரு பெயரே கிடையாது என்றார். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் நாலு மாதம் தூங்கினேன். இல்லாத ஒருத்தியின் பெயர் வந்ததென்றால், எல்லாமே பிரமைதானே.

ஏப்ரலில் அமலன் ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டி வந்தான். பாலக்கோட்டுப் பக்கம், அவனோடு வேலை செய்கிறவள். நல்ல முகம். பெயரைக் கேட்டேன்.

"கோகிலவாணிங்க."

அந்தக் கல்யாணம் நடக்கவிடாமல் என்னால் ஆனதெல்லாம் செய்தேன். மதம் பார்க்கிறாள் என்று ஊர் என்னைத் திட்டியது. திட்டட்டும். காரணத்தை யாரிடம் சொல்வது? ஜூனில் கல்யாணம் நடந்தது. வரிசையில் முன்னால் நிற்கிற அவளுக்கு ஒன்றும் ஆகாதவரை என் மகனுக்கும் ஒன்றும் ஆகாது என்று, அவளைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கிறேன். பைக்கில் ஏற விடுவதில்லை. சின்ன ஜுரம் என்று போன் வந்தாலும் ஓசூருக்கே போய் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகிறேன். இந்த மாதிரி மாமியார் யாருக்குக் கிடைக்கும் என்று அவள் எல்லோரிடமும் சொல்கிறாளாம்.

லீவு நாட்களில் வந்தால் எங்களோடு மண்டியிடுவாள். நேற்றும் அப்படித்தான். எழுதி வைத்திருக்கிற பெயர்களை வாசித்து, மிக்கேலம்மாள் பெயரோடு நிறுத்திவிட்டு எழுந்தேன். எல்லோரும் எழுந்து சாப்பிடப் போனோம். அவள் மட்டும் கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். என்னம்மா என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லைங்க அத்தை. பின்னாடி ஒரு வயசானவங்க ஒரே பேரத் திரும்பத் திரும்பச் சொல்லிட்டே இருந்தாங்க. பேரு சரியா காதுல விழல. நீங்கல்லாம் எந்திரிச்சுப் போயிட்டீங்க..."

சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்.

"பாவமா இருந்துச்சு. அதான் நானே பதில் சொல்லிட்டேங்க."