வெறும் தண்ணீரை ஆற்றிய அஞ்சலீனா

அஞ்சலீனாவிடம் தேயிலை பற்றி வாய் திறந்தீர்களோ, அன்றைக்கு உங்கள் மெட்ரோ போய்விட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். மன்னாரிலிருந்து மொன்றியலுக்கு வந்து, அதன் புறநகரான லொங்குய்யில் வீடு வாங்கி, சைனாடவுனில் ஒரு சீனப் பெண்மணியின் தேயிலைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவள். சேர்ந்த புதிதில் பச்சைத் தேயிலை எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தவள்தான். இப்போதோ, தட்டையாக அழுத்தி வறுத்தது லோங்ஜிங், நத்தைபோல் சுருண்டு பூனைமயிர் மின்னுவது பிலோசுன், மிளகுபோல் உருட்டியது கன்பவுடர் என்று மூச்சு விடாமல் சொல்லுவாள். உள்ளங்கையில் வைத்து முகரச் சொல்லுவாள். முகராவிட்டால் விடமாட்டாள்.

கணவன் யோசெப்புக்கு இதெல்லாம் விசர்வேலை, பைத்தியக்காரத்தனம். கத்தோலிக்கக் கோயில் திருநாளில் பால்தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுக்கும் மேசை வருடாவருடம் அவனுடையது. அஞ்சலீனா பின்னுக்கு நின்று ரோல்ஸ் பொரிப்பாள். இந்த ஆண்டு அவள் ஒற்றைக்காலில் நின்று பாதி மேசை கேட்டாள்.

"எடும். ஆனா ஒருத்தரும் குடிக்கேல்லையெண்டா அடுத்த வருசம் சத்தம் போடாமல் ரோல்ஸ் பொரிக்க வேணும்."

"ஓம், பாப்பம்," என்றாள். அந்தப் பாதி மேசை அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

திருநாளன்று பூசை முடிந்து சனம் மண்டபத்துக்குள் இறங்கியது. அஞ்சலீனா கண்ணாடிக் குவளைகளை அடுக்கி, சூட்டை அளந்து நிறுத்தும் கடைக் கேத்திலைச் செருகினாள். ரோல்ஸ் பொரிக்கும் மின்சட்டியும் அதே சுவரில்தான். படார்! மின்சாரம் போய்விட்டது. கேத்திலைக் கழற்றினால்தான் மற்றதெல்லாம் வேலைசெய்யும் என்றார்கள். மிஞ்சியது மண்டபத்தின் பெரிய பொயிலர். தளதளவென்று கொதிப்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. பச்சைத் தேயிலைக்கு அந்தக் கொதி ஆகாதென்று அவளுக்குத் தெரியும். ஆனால் கோயில் சனத்தில் வாய்க்காரரான நீக்கிலாப்பிள்ளை அண்ணை அதற்குள் முன்னால் வந்து நின்றுவிட்டார். பதட்டத்தில் லோங்ஜிங் இலைமேல் கொதிநீரை அப்படியே ஊற்றிக் கொடுத்தாள்.

ஒரு மிடறு குடித்தார். முகம் கோணியது.

"என்ன பிள்ளை, வேப்பிலையை அவிச்சுப்போட்டியோ? எனக்கென்ன பூச்சிமருந்து குடுக்கிற வயசே?"

மண்டபமே சிரித்தது. யோசெப் மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரத்தே சிரித்தான், பாவி! பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராய் அவன் பக்கம் நழுவினார்கள். அஞ்சலீனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுகையைவிட ஆத்திரம்தான் கூட.

யோசெப்போ இரண்டு பெரிய சில்வர் ஜக்குகளில் தேத்தண்ணியைத் தலைக்கு மேலே தூக்கி, இடுப்புக்குக் கீழே ஏந்தி ஆற்றிக்கொண்டிருந்தான். பிள்ளைகளுக்கு வாய் சுடக்கூடாதே. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அட, இது இருக்க நான் ஏன் கேத்திலுக்கு அழுகிறேன்! ஜக்குகள் காலியானதும் இரண்டையும் பறித்துக் கழுவி, கொதிநீரைப் பிடித்து ஆற்றத் தொடங்கினாள்.

"ஐயோ, என்ரை ஜக்! இஞ்சாரும், உமக்கென்ன விசரே? வெறும் சுடுதண்ணியை ஆத்துறீர்!"

"சூடு தணிய வேணுமப்பா. பேசாமல் நில்லுங்கோ."

வெறும் தண்ணீரை ஒருத்தி ஆற்றுகிறாள் என்றால் பார்க்கச் சனம் வராமல் இருக்குமா? வந்து சூழ்ந்துவிட்டது. ஆவி அடங்கியதும் குவளைகளில் ஊற்றினாள். லோங்ஜிங்கின் தட்டை இலைகள் மேலே மிதந்து, பிறகு ஒவ்வொன்றாய் நிமிர்ந்து இறங்கின. அடுத்த குவளையில் கன்பவுடர் உருண்டைகள் மெல்லப் பிரிந்து முழு இலையாக விரிந்தன. ஒரு சின்னப்பெட்டை, இலை நித்திரையால் எழும்புகிறது என்று பிரெஞ்சில் கத்தினாள்.

நீக்கிலாப்பிள்ளை அண்ணை சந்தேகத்தோடு முகர்ந்தார். குடித்தார். மறுபடி குடித்தார்.

"இது வேறை சாமானோ?"

"அதே லோங்ஜிங்தான் அண்ணை. முந்தி தண்ணிச் சூடுதான் கூடிப் பிழைச்சது."

"அப்ப இன்னொண்டு ஊத்து பிள்ளை."

அவ்வளவுதான், சனம் முண்டியடித்தது. அஞ்சலீனா குவளை குவளையாய் ஊற்றிக் கொடுத்தாள். அந்தப் பக்கம் யோசெப்பின் வரிசை ஜக் இல்லாமல் கரைந்துபோயிற்று. ஜக் கேட்க வந்தவன் இலைகள் விரிவதைக் குனிந்து பார்த்தான். பிறகு குவளையை நீட்டினான்.

"எனக்கும் ஒண்டு தாருமன்."

"சீனி போடட்டே?"

"வேண்டாம்."

சீனி இல்லாமல் யோசெப் எதையும் குடித்ததாகச் சரித்திரமே இல்லை. அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப அடுத்த வருசம் ரோல்ஸ் ஆர் பொரிக்கிறது?"

"நான் பொரிக்கிறன். இப்ப என்ரை ஜக்கைத் தாரும்."

"தரமாட்டன்," என்றாள் அஞ்சலீனா, அடுத்த குவளைக்குத் தண்ணீரை ஆற்றியபடி.