ஒடிலியா சுவரைப் பார்க்கிறாள்

மின்பெட்டிக்கு நேரே நிற்கமாட்டாள். கைப்பிடி இருக்கும் பக்கம் ஒதுங்கி, மூச்சை இழுத்து நிறுத்தி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, இடது கையால் இழுப்பாள். உள்ளே கனமாக ஒரு சத்தம் கேட்டு அடங்கிய பிறகுதான் திரும்பிப் பார்ப்பாள். வீட்டில் சமையலறை விளக்கைப் போடும்போதும் இதே கதைதான். மகள் கேலி செய்கிறாள்: "அம்மா, அது வெறும் பல்புதான். கடிக்காது."

ஒடிலியா ஷோயோனுக்கு நாற்பத்தாறு வயது. சாந்தா லூசியாவுக்குத் தெற்கே உள்ள சர்க்கரை ஆலையில் மின்பெட்டிகளைச் சோதித்துச் சீட்டுக் கட்டுவது அவள் வேலை. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு டிரைவ், அதற்கு முன்னால் மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு ஸ்விட்ச், இரண்டுக்கும் காவலாக மூன்று ஃபியூஸ். இப்படி ஆலையில் நூற்று நாற்பது பெட்டிகள். கதவில் அவள் கட்டிய பச்சைச் சீட்டு தொங்கினால்தான் அந்தப் பெட்டிக்குள் மின்சாரம் ஏறும்.

சட்டைப் பையில் பல் மருத்துவர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி ஒன்று எப்போதும் இருக்கும். எஸ்குயிந்த்லாவில் பல் பிடுங்கப் போனவள் பல்லைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியை வாங்கி வந்துவிட்டாள் என்பார்கள். ஃபியூஸின் முதுகுப்பக்கம் அச்சடித்திருப்பதைப் படிக்க அது இல்லாமல் முடியாது. பத்து மணிக்குக் காப்பியில் சம்புராதா ரொட்டியை நனைத்துத் தின்பாள். ஆனால் திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் யார் கையிலும் ரொட்டியைப் பார்க்கக் கூடாது. "ரொட்டித் தூளுக்கு எறும்பு வரும். எறும்புக்குப் பல்லி வரும். பல்லி போய் ரெண்டு செம்புப் பட்டைக்கு நடுவுல படுக்கும். அப்புறம் என்னைத் தேடுவீங்க."

ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் ஒரு தகடு உண்டு. ஷார்ட் சர்க்யூட் ஆனால் எத்தனை ஆயிரம் ஆம்பியர் பாய்ச்சலை இந்தப் பெட்டி தாங்கும் என்று அதில் பெரிதாகப் போட்டிருக்கும். எல்லோரும் அந்தப் பெரிய எண்ணைப் படிப்பார்கள். ஒடிலியா அதற்குக் கீழே உள்ள பொடி எழுத்தைப் படிப்பாள். இன்ன வகை ஃபியூஸ் இருந்தால்தான் அந்த எண் செல்லும் என்பது அங்கேதான் இருக்கிறது. அந்த ஃபியூஸ் இருந்தால் டிரைவ் ஒரு லட்சம் தாங்கும். வேறு எதையாவது மாட்டினால் ஐயாயிரம். ஸ்விட்ச்சும் அப்படித்தான். "தகடு பொய் சொல்லாது, பாதியைச் சொல்லும். பெட்டியோட பலம்னா, உள்ள இருக்கறதுலயே எது சோப்ளாங்கியோ அதோட பலம்தான்."

இந்த மழைக்காலத்தில் அரவை இல்லாதபோது ஆலையின் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு இரண்டரை மடங்கு பெரியதை வைத்தார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒடிலியா மட்டும் மூன்று வாரம் நோட்டும் அளவு நாடாவுமாகக் கேபிள்களின் பின்னால் அலைந்தாள். "குழாய் பெருசானா சந்தோஷந்தான். உடைஞ்சா வர்ற வெள்ளமும் பெருசா வருமே?" கணக்குப் போட்டு ஒவ்வொரு கதவின் உட்புறத்திலும் தடித்த பேனாவால் புது எண்ணை எழுதினாள். குளிர்நீர்ப் பம்ப்புக்குப் போகும் இடத்தில் ஷார்ட் ஆனால் முன்பு பதினெட்டாயிரம் ஆம்பியர் பாய்ந்திருக்கும், இப்போது முப்பத்தெட்டாயிரம்.

அந்தப் பம்ப்புக்குப் புதுப் பெட்டி கட்டியவன் ஒப்பந்தக்காரன் நெரி சிகான். ஒடிலியாவின் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவை வைத்து இருபது ஆண்டுகளாக அவனை அவள் கொம்பாத்ரே என்பாள், அவளை அவன் கொமாத்ரே என்பான். இந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. அரவை தொடங்கும் நாளில் பங்குச் சாமியார் மந்திரித்த பிறகு, புதுப் பெட்டியைக் கட்டியவனே முதல் கைப்பிடியை இழுக்க வேண்டும்.

நவம்பரில் அந்த நாள் வந்தது. காலை ஒன்பது மணிக்கே கரும்பு லாரிகள் நெடுஞ்சாலை வரை நின்றன. வெட்டிய கரும்பு காத்திருந்தால் மணிக்கு மணி இனிப்பை இழக்கும். ஒடிலியா புதுப் பெட்டிக்குள் கண்ணாடியை நீட்டினாள். ஃபியூஸ் உட்காரும் இருக்கையின் ஓரத்தில் ஒரு சின்ன உலோக முளை இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் வெட்டுவாய் மட்டும் பளபளத்தது.

"கொம்பாத்ரே, இங்க இருந்த முளை எங்க? எலி தின்னுடுச்சா?"

நெரி மறைக்கவில்லை. "ஸ்டோர்ல இருந்த ஃபியூஸ் உள்ள உக்காரல. அந்த முளைதான் தடுத்துச்சு. குறடால ஒரே நறுக்கு. அதே இருநூறு ஆம்பியர், அதே அறுநூறு வோல்ட். இப்ப என்ன குடி முழுகிப்போச்சு?"

தடுப்பதற்காகத்தான் முளையே இருக்கிறது. சரியான ஃபியூஸின் முனைத் தகட்டில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். முளை அதற்குள் போய் உட்காரும். பள்ளமில்லாத பழைய வகை உள்ளே வர முடியாது. நெரி மாட்டியிருந்தது அந்தப் பழைய வகை. இருநூறு என்பது அன்றாட ஓட்டத்துக்கான எண்; ஷார்ட் ஆனால் இது பத்தாயிரம் ஆம்பியர் வரைதான் மின்சாரத்தை அறுக்கும். அதற்கு மேல் வந்தால் அதுவே வெடிக்கும், கதவோடு. கதவின் உள்ளே அவள் கையெழுத்தில் முப்பத்தெட்டாயிரம் என்று இருந்தது. கதவுக்கு வெளியே நிற்கப் போகிறவன் நெரி.

ஆலை இன்ஜினியர் பெர்கான்ஸா தேய்த்த சட்டையில் வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பின்னால் மந்திரித்த தண்ணீரோடு சாமியார்.

"ஒடிலியா, இன்னைக்கு ஒரு நாள் ஓடட்டும். நாளைக்கு மாத்திக்கலாம். வெளியில எண்பது லாரி நிக்குது."

"ஓடும் இன்ஜினியரே. ஜம்முனு ஓடும். ஓடுறதைப் பத்தி இங்க யாரு பேசினா?"

நெரி அவள் காதருகே குனிந்தான். "எல்லார் முன்னாலயும் மானத்தை வாங்காத கொமாத்ரே. இத்தனை வருஷமா எத்தனை பெட்டி கட்டியிருக்கேன். ஒண்ணாவது வெடிச்சிருக்கா?"

ஆறு வருடத்துக்கு முன்னால் காய்ச்சலோடு வேலைக்கு வந்த ஒரு நாள், கதவையே திறக்காமல் ஒரு பெட்டிக்குச் சீட்டுக் கட்டினாள். எதுவும் நடக்கவில்லை. மறுநாள் திறந்து பார்த்தபோதும் எல்லாம் சரியாகவே இருந்தது. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. சரியாக இருந்ததில் அவளுக்கு என்ன பங்கு?

"நான் கண்ணை மூடிட்டுச் சீட்டுக் கட்டின பெட்டியும்தான் வெடிக்கல," என்றாள். "அது என் சாமர்த்தியமா?"

நெரி நிமிர்ந்துகொண்டான். அவள் இன்ஜினியரிடம் திரும்பினாள்.

"பக்கத்துல துணைப் பம்ப் பெட்டி இருக்கு. இன்னைக்கு அது ஓட வேண்டியதில்ல. அதோட இருக்கை, ஃபியூஸ் எல்லாத்தையும் கழட்டி இதுல போட்டுடறேன். நாப்பது நிமிஷம்."

"துணை இல்லாம ஓட்டி, பம்ப் நின்னு போச்சுன்னா?"

"நின்னா நிக்கட்டும். நின்னதை மறுபடி ஓட்டலாம். சாமி, நீங்க பிரசங்கத்தைக் கொஞ்சம் நீட்டுங்க."

"நான் நீட்டினா இவங்க ஓடியே போயிடுவாங்க மகளே."

"ரொம்ப நல்லது. பெட்டி கிட்ட கூட்டம் இருக்காது."

பெர்கான்ஸா கடிகாரத்தைப் பார்த்தார். லாரிகளைப் பார்த்தார். பச்சைச் சீட்டு அவள் பையிலேயே இருப்பதையும் பார்த்தார். "சரி, நாப்பது," என்றார்.

இரண்டு பெட்டிகளுக்கும் மின்சாரம் வரும் வழியைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். மீட்டர் முனையை ஒவ்வொரு இடமாக வைத்து மின்சாரம் இல்லை என்று பார்த்த பிறகுதான் திருப்புளியைத் தொட்டாள். டார்ச் பிடித்தவன் நெரிதான், முகத்தை உப்பென்று வைத்துக்கொண்டு. மூன்று இருக்கைகளும் மாறின. சரியான ஃபியூஸ்களைக் கையில் எடுத்தவள் அவற்றை மாட்டவில்லை. கழற்றி வைத்த பழையதில் ஒன்றை எடுத்து உள்ளே தள்ளிப் பார்த்தாள். போகவில்லை.

"நீ தள்ளு."

நெரி இரண்டு கட்டைவிரலாலும் நகம் வெளுக்கத் தள்ளினான். "எருமை மாதிரி வழியில நிக்குது," என்றான்.

"நிக்கணும். அதுக்கு அது ஒண்ணுதான் வேலை."

அவன் உதட்டோரம் லேசாக இளகியது. மூன்று சரியான ஃபியூஸ்களும் உட்கார்ந்தன. மற்ற இரண்டு இருக்கைகளிலும் அதே மாதிரி பழையதைத் தள்ளிப் பார்த்த பிறகே அவற்றை மாட்டினாள் என்பதால், நாற்பது நிமிடம் நாற்பத்தாறு ஆனது. துணைப் பெட்டியில் மின்சாரம் ஏற்றக் கூடாது என்று சிவப்புச் சீட்டு; புதுப் பெட்டியில் பச்சை. தண்ணீர் தெளிக்கக் கையை ஓங்கிய சாமியாரிடம், "கதவுல வேண்டாம் சாமி, பம்ப் மேல தெளிங்க, அதுக்குத் தண்ணி பழக்கம்," என்றாள்.

கூட்டம் சேர்ந்தது. போன்கள் உயர்ந்தன. நெரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பெட்டிக்கு நேரே மார்பை நிமிர்த்தி நின்று, வலது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போன்களைப் பார்த்துச் சிரித்தான்.

ஒடிலியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவன் தோளைப் பிடித்துச் சுவரோரம் நகர்த்தினாள். வலது கையை எடுத்துவிட்டு இடது கையைக் கைப்பிடியில் வைத்தாள். பிறகு, குழந்தைக்குத் தலை வாரும்போது பிடிப்பதுபோல, அவன் மோவாயை இரண்டு விரலால் பிடித்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.