தானாகச் சரியாகிவிட்ட கை

எங்கள் ஊரில் ஆளாளுக்கு செல்போன் வாங்க ஆரம்பித்திருந்த காலம். ஒரு நாள் காலையில் கண் விழித்து வலப்பக்கம் புரண்டேன். அவ்வளவுதான், மின்விசிறி, பரண், ஜன்னல் எல்லாம் ஒரே பக்கமாக ஓடத் தொடங்கின. கண்ணை மூடினால் கட்டிலோடு நானே கவிழ்வது போல இருந்தது. அலறினேன். என் கணவர் ஓடிவந்து தோளைப் பிடிப்பதற்குள் சுற்றல் நின்றுவிட்டது. எழுந்து உட்கார்ந்ததும் குமட்டி வாந்தி எடுத்தேன்.

அவர் செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் வீட்டில் துணி தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "பித்தம் ஜாஸ்தியாயிடுச்சி. எலுமிச்சம்பழம் பிழிஞ்சி குடி, சரியா போயிடும்" என்றார். குடித்தேன். சரியாகவில்லை. கொடியில் துணி போட அண்ணாந்தால் சுற்றும். கீழே விழுந்த ஊசியை எடுக்கக் குனிந்தால் சுற்றும். அசையாமல் இருந்தால் ஒன்றுமில்லை. மூளையில் ஏதோ கெட்டுப்போய்விட்டது, இனி படுக்கைதான் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

வழக்கமாகப் போகும் டாக்டர் எங்களைக் காது டாக்டரிடம் அனுப்பினார்.

"தலை சுத்துதுன்னு போனா காது டாக்டர பாக்க சொல்றாரே?" என்று ஆட்டோவில் கேட்டேன்.

"எனக்கு மட்டும் இன்னா தெரியும்? போய்தான் பாப்போமே" என்றார் அவர்.

காது டாக்டர் ஒரு பெண். அவசரமே இல்லாமல் கேட்டார். "படுத்துப் புரளும்போது சுத்துதா? கொஞ்ச நேரத்துல நின்னுடுதா? கை, கால், முகம் எதாவது மரத்துப் போச்சா? பேச்சு குழறிச்சா? பாக்கறது ரெண்டு ரெண்டா தெரிஞ்சிதா? நடந்தா ஒரு பக்கமா தள்ளுதா?"

முதல் இரண்டுக்கும் ஆமாம் என்றேன். மற்றதற்கெல்லாம் இல்லை. என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் என் தலையை வலப்பக்கம் திருப்பி, கட்டிலின் விளிம்புக்கு வெளியே தலை தொங்கும்படி சட்டென்று படுக்க வைத்தார். உலகம் சுழன்றது. டாக்டரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ண மூடாதீங்கம்மா. சார், இங்க வந்து அவங்க கண்ண பாருங்க."

என் கணவர் குனிந்து பார்த்தார். "கருவிழி துடிக்குதே, டாக்டர்!"

டாக்டர் சுற்றல் அடங்கும்வரை காத்திருந்து, தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். பிறகு இடப்பக்கமே உடம்போடு ஒருக்களிக்க வைத்து, முகம் தரையைப் பார்க்கத் திருப்பினார். கடைசியில் எழுப்பி உட்கார வைத்தார். கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி பழையபடியே படுக்க வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சுவர் சுவராகவே நின்றது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை.

"காதுக்குள்ள மணல விட சின்னதா துகள்ங்க இருக்கு. உடம்பு நேரா இருக்கா, சாஞ்சிருக்கான்னு அதுதான் மூளைக்கு சொல்லும். அதுல கொஞ்சம் இடம் மாறி பக்கத்து குழாய்க்குள்ள போயிடுச்சி. திருப்பித் திருப்பி அத வெளிய உருட்டி விட்டேன். திரும்ப வரலாம், வந்தா வாங்க. பயமுறுத்துமே தவிர, இதுல ஆபத்து இல்ல."

கண்ணுக்குத் தெரியாத மணலா என்னை இத்தனை நாள் உருட்டியது! நான் அதிலேயே ஊறிப்போய் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் என் கணவர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"இவள கேட்டீங்களே டாக்டர், மரத்துப் போச்சா, பேச்சு குழறிச்சான்னு. எனக்கு அந்த மாதிரி ஆச்சி. போன வாரம் டயருக்கு காத்தடிக்கிறேன், வலது கை செத்த மாதிரி தொங்கிடுச்சி. வாடகைக்கு வந்தவங்ககிட்ட பேசறேன், வார்த்தை வரல. கொஞ்ச நேரத்துல தானா சரியா போச்சி. கைய மடக்கி படுத்திருப்பேன்னு விட்டுட்டேன்."

எனக்கே இது புதுச்செய்தி. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவரைச் சிரிக்கச் சொன்னார். இரண்டு கைகளையும் நீட்டிப் பிடிக்கச் சொன்னார். ரத்த அழுத்தம் பார்த்தார், மிகவும் ஜாஸ்தியாக இருந்தது.

"சார், தானா சரியானாலும் அது சரியானது இல்ல. மூளைக்குப் போற ரத்தம் நின்னு, திரும்ப வந்திருக்கு. அது பக்கவாதத்துக்கு முன்னாடியே வர்ற எச்சரிக்கை. அன்னைக்கே நீங்க ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கணும். இப்பவே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"நாளைக்குக் காலைல போகட்டுமா? கடைய போட்டது போட்டபடி வந்துட்டேன்."

"இப்பவே. பஸ் வேணாம், கார் வெச்சிக்கோங்க. நான் போன் பண்ணி சொல்லிடறேன்."

நோயாளியாகப் போன நான், அவருக்குத் துணையாக வேலூர் போனேன். வழியெல்லாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் கோணுகிறதா, பேச்சு குழறுகிறதா என்று ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். "எனக்கு ஒண்ணும் இல்ல, நீ கம்முனு வா" என்று ஒவ்வொரு தடவையும் தெளிவாகத் திட்டினார். அந்தத் திட்டு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

அங்கே அவர் கழுத்தில் பசை தடவி ஒரு கருவியை வைத்தார்கள். திரையில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. சத்தமும் கேட்டது. வலப்பக்கம், துணி அலசுவது போல ஒரே சீரான சத்தம். இடப்பக்கம் கருவி ஓரிடத்துக்கு வந்ததும் அதே சத்தம் சீறலாக மாறியது. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்தவரின் கழுத்துக்குள் இப்படி ஒரு பாய்ச்சல் ராப்பகலாக நடந்துகொண்டிருந்திருக்கிறது.

"ரத்தக் குழாய் குறுகின இடம் இது. அதான் சீறுது," என்றார் பரிசோதித்த டாக்டர். "இங்கேர்ந்து ஒரு துணுக்கு பிரிஞ்சி மூளைக்குப் போயிருக்கும். தானா கரைஞ்சதால பிழைச்சாரு. அடுத்த துணுக்கு கரையும்னு சொல்ல முடியாது."

அந்த வாரமே அறுவை சிகிச்சை நடந்தது. முடிந்ததும் அதைச் செய்த டாக்டர் வெளியே வந்து ஒரு சின்னக் குப்பியைக் காட்டினார். கழுத்துக் குழாயிலிருந்து எடுத்தது. மஞ்சளாக, வேர்க்கடலை ஓடு போலப் படிந்து இறுகிய கொழுப்பு. ஒரு மனிதனின் பேச்சையும் நடையையும் பறிக்க இது போதுமா என்று குப்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதோடு அவர் பீடி பிடிப்பதை விட்டார். இன்றுவரை மாத்திரை தவறுவதில்லை. எனக்குத் தலைச்சுற்றல் பிறகு ஒருமுறை வந்தது. மறுநாளே காது டாக்டரிடம் போய்த் தலையைத் திருப்பிவிட்டுக்கொண்டு வந்தேன்.

ஆனால் எனக்கு இன்றும் நினைவில் நிற்பது அவருடைய அறுவை சிகிச்சைக்கு மறுநாள்தான். நர்ஸ் அவர் வலது கைக்குள் தன் இரண்டு விரல்களை வைத்து, "அமுக்குங்க ஐயா, பாக்கலாம்" என்றார். அவர் கண்ணை மூடிக்கொண்டு, முழு பலத்தோடு அமுக்கினார்.

"போதும், போதும், விடுங்க! வலிக்குது!" என்று நர்ஸ் கத்த, எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.