வாயால் ஓட்டிய போர் விமானம்

சென்ற வாரம் ஒரு போர் விமானம் ஓட்டினேன். வாயால்!

சரவணம்பட்டியில் எங்கள் அபார்ட்மென்ட்டில் எழுபத்தொன்றாம் வருடப் பாகிஸ்தான் போரின் வெற்றி நாள் விழா. “சார், பத்து நிமிசம் பேசிப்போடுங்க” என்றார் செக்ரட்டரி. மைக் என்றால் நான் மறுப்பேனா? ஃப்ளைட்டில் ஜன்னல் சீட் கிடைத்தாலே கண்ணை இறுக்க மூடிக்கொள்கிற வீரன் நான்... இருந்தாலும் மேடை ஏறிவிட்டேன்.

டாக்கா ஆளுநர் மாளிகைத் தாக்குதலை எடுத்துக்கொண்டேன். இன்றைய பங்களாதேஷ், அன்று கிழக்கு பாகிஸ்தான். மாளிகைக்குள் முக்கியமான கூட்டம். நம் விமானிகள் கையில் இருந்ததோ ஒரு டூரிஸ்ட் மேப்! அதை வைத்துக்கொண்டு, நெரிசலான நகரத்தில் அந்த ஒரு கட்டடத்தைத் தேடிப் பிடித்து, கூரையில் ராக்கெட் விட்டார்கள். பதுங்கு குழிக்கு ஓடிய ஆளுநர் ராஜினாமா எழுதிவிட்டார். இரண்டே நாளில் ராணுவமும் சரணடைந்தது.

இதோடு இறங்கியிருக்கலாம். கைதட்டல் போதவில்லையே! மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்து — “ஊஊஊய்ங்ங்... டமால்!”

முதல் வரிசையில் ஒரு பெரியவர் துள்ளி எழுந்தார். “படுங்க! எல்லாரும் படுங்க!” பக்கத்தில் இருந்த மனைவியை இழுத்துத் தரையில் கிடத்தி, அவர்மேல் கவிழ்ந்துகொண்டார்.

சிலர் சிரித்தார்கள். நானும்தான் — நம் நடிப்புக்கு ஜோடி சேர்ந்துவிட்டார் என்று! அப்புறம்தான் பார்த்தேன். பெரியவரின் முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது.

அடியில் கிடந்த அந்த அம்மா மட்டும் பதறவில்லை. அந்த முதுகைத் தடவிக் கொடுத்தார். “போயிருச்சுங்க மாமா. ஏரோப்ளேன் போயிருச்சு. எந்திரிங்க.”

ஓடிப்போய் இருவரையும் தூக்கினேன். “மன்னிச்சுருங்கம்மா...”

“நீங்க என்னங்க பண்ணுவீங்க? இவரு ஏர்ஃபோர்ஸ்ல மெக்கானிக்கா இருந்தாருங்க. அந்தச் சண்டையில எல்லையோரம் இருந்தப்ப, பாகிஸ்தான்காரவிய குண்டு போட்டுப்போட்டாங்க. பக்கத்துல நின்ன சிநேகிதர் போய்ட்டாரு. இப்ப எம் பேரே மறந்துபோச்சு இவருக்கு. அது மட்டும் மறக்க மாட்டேங்குதுங்க.”

பெயர் மறந்த மனைவியைத்தான் உடம்பால் மூடிப் படுத்திருக்கிறார்!

இத்தனை வருடமாகப் போர்க் கதைகளை மேலே இருந்தே பார்த்துச் சொல்லியிருக்கிறேன். கீழேயும் ஆள் இருப்பார்கள் என்பது எவ்வளவு லேட்டாக உறைக்கிறது!

டீ கொடுத்தார்கள். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எல்லாரும் படுத்தாங்க, நீங்க மட்டும் நின்னுட்டே இருந்தீங்களே தம்பி... அடி ஒண்ணும் படலீங்களே?”

“இல்லீங்கய்யா” என்றேன்.

வாயில் மட்டும் பலமாகப் பட்டிருக்கிறது.